கறை பிடித்த சுவர் வேண்டும்

நான் பெயின்ட் அடிக்கிறவன். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய், அங்கே புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடி வீடுகளின் சுவர்களுக்குப் பள்ளம் மேடு தெரியாமல் பட்டி மாவு பூசி, உப்புத்தாளால் தேய்த்து, நிறம் பூசிவிட்டு, பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறவன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. எழுதிப் பழக்கமும் இல்லை. பெரியவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், "ஒரு சுவருக்கு இவ்வளவு பேச்சா?" என்பார்கள். பிள்ளைகளே, நீங்கள் சுவரில் கிறுக்கி அடி வாங்கியவர்கள். உங்களுக்குப் புரியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

என் மகள் பெங்களூரில் ஒரு கல்லூரியில் படம் எடுக்கிற படிப்பு படித்தாள். ஹாஸ்டலில் தங்கியிருந்து, வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருவாள். கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தேற முடியாது. ஒரு வருடம் போய்விடும். கணக்குப் பதிவியல் படி என்று நான் சொன்னதற்கு, வீட்டில் பல நாள் சண்டை போட்டு இந்தப் படிப்பில் சேர்ந்தவள் அவள். "ஒரு பேப்பர்கூட விடமாட்டேன்ப்பா" என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டுச் சேர்ந்தாள். அதனால் அந்தப் படம் அவளுக்கு வெறும் மார்க் இல்லை.

அவள் எழுதிய கதை சின்னது. ஒரு தாய், ஒரு மகள். மகள் வேலைக்குப் போக ரயிலைப் பிடிக்க வேண்டும். முந்தின நாள் இருவருக்கும் சண்டை. காலையில் ஒருவரோடு ஒருவர் பேசாமலே தாய் சமைக்கிறாள், மகள் கிளம்புகிறாள். ஒரே அறை, ஒரே காலை, அவ்வளவுதான்.

"ஒரு வூடு வேணும்ப்பா" என்றாள்.

"நம்ம வூடு கீதே!" என்றேன்.

எங்கள் வீடு லைன் வீடு. சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் வரிசையாக, ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக இருக்கும்படி கட்டியவை. மற்ற வீடுகளைவிட எங்கள் வீடு பளிச்சென்று இருக்கும். வேலை செய்கிற இடத்தில் டப்பாவின் அடியில் மிஞ்சுகிற பெயின்ட்டை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்து, நாலு சுவருக்கும் நாலு நிறம் அடித்திருந்தேன். கதவுக்கு ஐந்தாவது நிறம்.

மகள் நடுவீட்டில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "நம்ம வூடு பெயின்ட் கடை ஷேட் கார்டு மாதிரி கீதுப்பா" என்றாள். என் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி என்று வேறு வீடு தேடக் கிளம்பினோம். முதலில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீடு. அவள் ஒவ்வொரு அறையிலும் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். கை தட்டி எதிரொலி வருகிறதா என்று கேட்டாள். வெயில் எந்த மணிக்கு எந்த ஜன்னலில் வரும் என்று விசாரித்து நோட்டில் எழுதினாள். வெளியே வந்ததும் தலையாட்டிவிட்டாள். அடுத்து ஊரிகம் பக்கத்தில் ஒரு பழைய பங்களா. அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. உயரமான கூரை, அகலமான வராந்தா. "இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்?" என்றேன்.

"நல்லாத்தான் கீது. ஆனா இந்த வூட்ல யாரும் ரயிலுக்கு அவசரமா ஓட மாட்டாங்கப்பா."

அது எனக்குப் புரிந்தது. தினமும் ஓடுகிறவன் நான்தானே.

சாமான்கள் விஷயத்திலும் இப்படித்தான். கேமராவில் தெரியப் போகிற பொருள்கள் என்றதும், ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு புதுப் படுக்கை விரிப்பு வாங்கி வந்தேன். எதிர் லைனில் ஒருவரிடம் சொல்லி, சுரங்கத்தில் போடுகிற ஹெல்மெட்டையும் அதில் மாட்டுகிற விளக்கையும் கடனாக வாங்கி வந்து துடைத்து வைத்தேன். தங்கவயல் படம் என்றால் அது இல்லாமலா?

"இதுல யாரு சொரங்கத்துக்குப் போறாங்க?" என்று கேட்டாள் மகள். "இங்க வர்றவங்க எல்லாரும் இதத்தான் எடுக்கறாங்க. எனக்கு வேணாம்ப்பா. மூடி டைட்டா மூடாத ஒரு டிபன் கேரியர் வேணும். கெடைக்குமா?"

மூடி சரியாக மூடாத டிபன் கேரியரைத் தேடித்தான் எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போனோம். கூடப் பிறந்தவள் இல்லை. என்னை அண்ணா என்பாள், என் மகளுக்கு அவள் அத்தை. தையல் கம்பெனியில் வேலை. அவள் வீட்டுக்காரர் பங்காருபேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் வீட்டைக் கவனிக்க நேரம் கிடையாது.

மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் பார்த்தேன். ஒரு பெயின்டருக்கு அழுகை வரவைக்கிற சுவர் அது. எந்தக் காலத்திலோ அடித்த நீலம் கலந்த சுண்ணாம்பு. கூரையிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கிய பழுப்புக் கோடு. அடுப்புப் பக்கம் புகைக் கரி. கீழே உட்கார்ந்து டிவி பார்க்கிறவர்கள் சாய்ந்து சாய்ந்து, தலையெண்ணெய் ஊறிய இரண்டு பெரிய வட்டங்கள். சுவிட்சைச் சுற்றிக் கைக் கறுப்பு. கூரைத் தகட்டில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடித் துண்டு பதித்திருந்தார்கள். அதன் வழியே வெயில் ஒரு துண்டாக இறங்கி அந்தக் கறைகளின் மேல் சாய்வாக விழுந்திருந்தது.

"இந்த வூடுதான்ப்பா" என்றாள் மெதுவாக. பிறகு அத்தையையும் அதே மாதிரி உற்றுப் பார்த்தாள். "அத்த, நீங்களே அம்மாவா நடிக்கிறீங்களா? டயலாக்கே கெடையாது. தெனமும் பண்றத அப்பிடியே பண்ணா போதும்."

"ஐய, போடீ! எனுக்கு இன்னா தெரியும்?" என்றாள் தங்கச்சி. சொல்லும்போதே கை கூந்தலைச் சரிசெய்தது. அப்போதே தெரிந்துவிட்டது, சம்மதம் என்று.

கல்லூரிக் கேமராவை வாரக் கடைசியில் மட்டும்தான் தருவார்கள். அதனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பிடிப்பதாகத் திட்டம். மகளோடு படிக்கிற இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி மகளாக நடித்தாள். இன்னொருத்தி, பெங்களூர் கன்னடப் பெண், கேமரா பிடித்தாள். முதல் ஞாயிறு வேலை நன்றாக நடந்தது. லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாது, பக்கத்து வீட்டு மிக்ஸி நம் வீட்டில் அரைக்கிற மாதிரி கேட்கும். அதனால் மகள் "டேக்" என்று சொல்லும்போதெல்லாம் நான் வெளியே நின்று கையைத் தூக்குவேன். இரண்டு பக்கமும் மிக்ஸியும் டிவியும் நிற்கும். பாதிப் படம் முடிந்தது.

மாலையில் எடுத்ததை லேப்டாப்பில் போட்டுக் காட்டினார்கள். லைனில் பாதிப் பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். தங்கச்சி தன் முகத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். பிறகெல்லாம் பின்னாலிருந்த சுவரையே பார்த்தாள்.

மகளும் அந்தப் பெண்களும் பெங்களூருக்குத் திரும்பிப் போன பிறகு தங்கச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, என் வூடு இப்பிடியா கீது? நான் நல்லாத்தான் கீறேன். செவுருதாண்ணா மானத்த வாங்குது. பெங்களூர்ல அத்தினி பேரு பாப்பாங்க. இன்னா நெனைப்பாங்க? பெயின்ட் அடிக்கிற அண்ணன் நாலு வூடு தள்ளி கீறாரு, இவ செவுரப் பாருன்னுவாங்க."

எங்கள் லைனில் ஒரு பழக்கம். பெண் பார்க்க வந்தாலும் சரி, திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்தாலும் சரி, வெளியாட்கள் வீட்டுக்குள் வரப் போகிறார்கள் என்றால் முதல் வேலை சுண்ணாம்பு அடிப்பதுதான். சுண்ணாம்பு அடிக்காத வீட்டில் விருந்தாளியை உட்காரவைப்பது, வந்தவரை மதிக்காததற்குச் சமம். இப்போது ஊரே கேமரா வழியாக அவள் வீட்டுக்குள் வரப் போகிறது. அவள் கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அதோடு, என் மகளின் படத்துக்கு நானும் ஏதாவது செய்த மாதிரி இருக்கும். விரிப்பு வேண்டாம் என்றாள், ஹெல்மெட் வேண்டாம் என்றாள். நல்ல சுவரை யாராவது வேண்டாம் என்பார்களா?

வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு போட்டேன். சும்மா பூசிவிட்டுப் போகவில்லை. பழைய சுண்ணாம்பைச் சுரண்டினேன். பட்டி வைத்தேன், தேய்த்தேன், பிரைமர் ஒரு கோட், அதே இளநீலத்தில் எமல்ஷன் இரண்டு கோட். தங்கச்சி பூரித்துப் போய் எனக்கு முட்டைக் குழம்பு கொடுத்தாள். மகளுக்குப் போனில் சொல்லவில்லை. வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை மதியம் மூன்று பெண்களும் கேமராவோடு வந்தார்கள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்.

என் மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரருகே போய், விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அவ்வளவு நல்ல வேலை.

"இன்னாப்பா பண்ணி வெச்சிகீற?"

"நல்லா இல்லியாம்மா?"

"அப்பா, மொத்தக் கதையும் ஒரே காலைல நடக்குது. பாதிப் படத்துல அந்தச் செவுரு கீது. மீதிப் படத்துல இந்தச் செவுரா? அம்மா தோசையத் திருப்பிப் போடறதுக்குள்ள வூட்டுக்குப் பெயின்ட் அடிச்சாச்சா?"

கேமராப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். புதன்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும். நாளை மாலையோடு கேமராவும் போய்விடும். முதல் பாதியை மறுபடி எடுக்க நேரம் கிடையாது.

தங்கச்சி புடவை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே, "நான்தாண்டி கேட்டேன். அண்ணன ஒண்ணும் சொல்லாத" என்றாள். மகள் சுவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும், அழக் கூடாது என்று நினைத்தால் இப்படித்தான் உட்காருவாள்.

நான் அந்த எமல்ஷனைப் பார்த்தேன். சோம்பேறித்தனமாக ஒரு கோட் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருந்தால்கூடச் சுரண்டி எடுத்திருக்கலாம். பட்டி வைத்துத் தேய்த்த பிறகு பழைய சுவர் என்று ஒன்று அடியில் மிச்சம் இல்லை.

"அந்தச் செவுரு போட்டோ கீதா?" என்று கேட்டேன்.

"படமே கீது. போட்டோ எதுக்கு?"

"லேப்டாப்ப எட்து வையி. அதப் பாத்து வரையறேன்."

வீட்டுக்கு ஓடிப் போய் பிரஷ்களையும், நிறம் கலக்குகிற சின்னச் சின்ன ஸ்டெய்னர் பாட்டில்களையும் கொண்டுவந்தேன். பழுப்பு கலந்தேன், கறுப்பு கலந்தேன். தண்ணீர் விட்டு நீர்க்க அடித்தேன். மழைக்கோடு, கரி, வட்டங்கள், எல்லாவற்றையும் அளவு பார்த்துப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தள்ளி நின்று பார்த்தேன். எனக்குத் திருப்தி.

மகள் கேமராவில் பார்த்தாள். "அப்பா, இது கறை மாதிரி இல்ல. டிசைன் மாதிரி கீது."

கேமராவில் நானும் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு கறையின் ஓரமும் சுத்தமாக இருந்தது. வட்டங்கள் இரண்டும் ஒரே அளவு. முப்பது வருடமாக ஓரம் பிசகாமல் அடித்த கை, அழுக்கைக்கூட ஒழுங்காகத்தான் அடித்தது. ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் மகள் எழுந்து வந்தாள். லேப்டாப்பில் மழைக்கோட்டைக் காட்டினாள். "இத யாரு வரைஞ்சாங்க? யாரும் வரையல. தண்ணி மேலருந்து தானா வந்துச்சு. அப்பிடியே வர வெக்கலாமாப்பா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பிரஷைத் தொடவில்லை.

சுவரின் வழவழப்பை முதலில் உப்புத்தாளால் எடுத்தேன். தங்கச்சி ஒரு சட்டி நிறைய டிக்காஷன் போட்டாள். அதில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஊறவைத்து, ஏணியில் ஏறிக் கூரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அது தனக்குத் தோன்றிய வழியில் இறங்கியது. ஒரு இடத்தில் நின்றது, இரண்டாகப் பிரிந்தது, மறுபடி சேர்ந்தது. நான் நூறு வருடம் முயன்றாலும் என் கை அப்படிப் போகாது. அடுப்புப் பக்கம் ஒரு தகரத் தட்டில் நல்லெண்ணெய்த் திரிகளைக் கொளுத்திச் சுவரோரமாகப் பிடித்தோம். புகை ஏறிக் கரி படிந்தது.

"பேடா, பேடா! ஜாஸ்தி ஆயிடும் அங்கிள்!" என்று கேமராப் பெண் வேண்டாமென்று கத்தினாள். சரியான நேரத்தில் தட்டை எடுத்தேன்.

தங்கச்சியின் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் சைக்கிள் செயினைத் தொட்ட கையோடேயே சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். "பத்து வருசமா இதுக்கு உங்கிட்ட திட்டு வாங்கிக்கினு கீறேன்" என்றார் பெண்டாட்டியிடம். "இன்னிக்கு நீயே தொடுன்ற."

"இன்னிக்கு மட்டுந்தான்" என்றாள் அவள்.

மிச்சம் இருந்தது தலையெண்ணெய் வட்டங்கள். அதற்கு ஒரே வழிதான். அவரும் நானும் தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் இருந்த இடத்துக்குச் சரியாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். மகள் எங்கள் இருவரின் தோளையும் பிடித்து, "மாமா, கொஞ்சம் கீழ எறங்குங்க. அப்பா, நீ ரெண்டு விரக்கடை தள்ளு" என்று சரிசெய்தாள். தலையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே டிவி பார்த்தோம். கதவுக்கு வெளியே லைன் முழுக்க நின்று சிரித்தது. "இன்னாண்ணா, பெயின்டர் வேலை போயி செவுத்துக்கு எண்ணெ வெக்கிற வேலையா?" என்று ஒருவர் கேட்டார். "இதுக்கும் டபுள் கோட் உண்டு" என்றேன். மகள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வெயில் கூரைக் கண்ணாடி வழியே இறங்கியது. கேமராவில் தெரிகிற சுவரையும் லேப்டாப்பில் இருந்த சுவரையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள்.

"கோடு ஒரு எடத்துல கொஞ்சம் நீளம்" என்றாள் மகள் கடைசியில். "அங்க அத்தைய நிக்க வெச்சிடலாம். மத்ததெல்லாம் சரியா கீது."

நான் வெளியே போய்க் கையைத் தூக்கினேன். மிக்ஸிகள் நின்றன. மதியத்துக்குள் மீதிப் படம் முடிந்தது. புதன்கிழமை காலையில் மகள் படத்தைக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரமே தங்கச்சி, "அண்ணா, என் செவுரு?" என்று கேட்டாள். இந்தத் தடவை மகளுக்கு முதலில் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கல்லூரியில் எல்லாருடைய படங்களையும் போட்டுக் காட்டினார்கள். பெற்றோரும் வரலாம் என்றார்கள். நாங்கள் இரண்டு குடும்பமும் ரயிலேறிப் போனோம். தங்கச்சி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பெரிய இருட்டு ஹால், பெரிய திரை. அதில் எங்கள் லைன் வீட்டுச் சுவர் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நின்றது.

நான் அந்தச் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எது முதல் ஞாயிற்றுக்கிழமைச் சுவர், எது இரண்டாவது என்று தேடினேன். ஒரு சுவரில் நேற்று அடித்ததும் இன்று அடித்ததும் எங்கே சேர்கிறது என்று எட்டடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவேன். அதுதான் என் பிழைப்பு. கோட்டைப் பார்த்தேன், கரியைப் பார்த்தேன், என் தலை சாய்ந்த வட்டத்தைப் பார்த்தேன். இதோ மாறப் போகிறது, இதோ மாறப் போகிறது என்று இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் படம் முடிந்து விளக்கு எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் என் மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, படத்துல நான் அழுவுற மாதிரி கீது. நான் அழவே இல்லியே!" என்றாள் தங்கச்சி.

வகுப்பு ஆசிரியை வந்து மகளின் கையைப் பிடித்துப் பேசினார். வீட்டைப் பற்றிக் கேட்டார், அத்தையைப் பற்றிக் கேட்டார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் தேறிவிட்டாள்.

திரும்பி வரும் ரயிலில் மகள் எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். "இன்னாப்பா, படம் எப்பிடி இருந்துச்சு? ஒண்ணுமே சொல்லல."

உண்மையைச் சொன்னேன். "நான் செவுரத்தாம்மா பாத்தேன். சேர்ற எடம் எங்கன்னு தேடிக்கினே இருந்துட்டேன். கடைசி வரைக்கும் கெடைக்கல. கதையப் பாக்கவே இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். போனை எடுத்து, காதில் மாட்டுகிற வயரில் ஒன்றை என் காதிலும் ஒன்றைத் தன் காதிலும் வைத்தாள்.

"இப்போ அத்தையப் பாரு" என்று சொல்லிவிட்டு, படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள்.